பிள்ளை ஆடுமா, பெஞ்சில் உட்காருமா? சான் ஹோசே வட்டாரப் பள்ளி லீகுகள் ஓர் ஒப்பீடு

கூப்பர்டினோ, சன்னிவேல், மில்பிடாஸ், சான் ஹோசே பக்கம் குடியிருக்கும் வீடுகளில், பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்ததும் ஒரு கேள்வி கிளம்பும். வீட்டு முகவரிக்குக் கிடைக்கிற அரசுப் பள்ளியிலேயே சேர்ப்பதா, கட்டணம் கட்டிக் கத்தோலிக்கத் தனியார் பள்ளிக்கு அனுப்புவதா? படிப்பை வைத்து இதை நம்மவர்கள் அலசாத நாளில்லை. விளையாட்டை வைத்து அலசுவதுதான் குறைவு. பிள்ளைக்கு ஏதாவது ஓர் ஆட்டத்தில் உண்மையான ஆசை இருந்தால், அடுத்த நான்கு வருடம் அதன் மாலை நேரங்களைப் பெரிதும் தீர்மானிக்கப்போவது அந்தப் பள்ளி சேர்ந்திருக்கும் லீக். யாரோடு ஆடும், எவ்வளவு தூரம் பயணம் போகும், களத்தில் இறங்குமா அல்லது சீருடை போட்டு உட்கார்ந்திருக்குமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியே நல்லது. ஆனால் "அரசுப் பள்ளியில் போட்டி குறைவு, சுலபமாக இடம் கிடைக்கும்" என்ற எண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில ஆட்டங்களில் அது உண்மை. வேறு சிலவற்றில் நிலைமை நேர் எதிர்.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவில் பள்ளி விளையாட்டை நடத்துவது சி.ஐ.எஃப். என்ற அமைப்பு, 1914-லிருந்து இருக்கிறது. அதன் கீழே பத்து செக்‌ஷன்கள். நம் பகுதி சென்ட்ரல் கோஸ்ட் செக்‌ஷனில் வருகிறது, எல்லோரும் சி.சி.எஸ். என்றே சொல்வார்கள். செக்‌ஷனுக்குள் லீகுகள். பள்ளிகள் முதலில் தங்கள் லீகுக்குள் மோதும், அதில் மேலே வருபவை சி.சி.எஸ். பிளேஆஃபுக்குப் போகும், அதையும் தாண்டினால் மாநில அளவு.

நம் வட்டாரத்தில் பேச்சில் அடிபடுவது இரண்டு லீகுகள். ஒன்று சாண்டா கிளாரா வேலி அத்லெட்டிக் லீக், அதாவது எஸ்.சி.வி.ஏ.எல். இதில் பல காலமாக இருக்கும் பதினான்கு பள்ளிகளும் அரசுப் பள்ளிகள்: கூப்பர்டினோ, ஹோம்ஸ்டெட், லின்ப்ரூக், மோன்டா விஸ்டா, ஃப்ரீமான்ட் (ஃப்ரீமான்ட் நகரத்துப் பள்ளி என்று நினைத்துவிட வேண்டாம், இது சன்னிவேலில் இருக்கிறது), மவுன்டன் வியூ, லாஸ் ஆல்டோஸ், பாலோ ஆல்டோ, கன், சாண்டா கிளாரா, வில்காக்ஸ், லாஸ் கேட்டோஸ், சாரடோகா, மில்பிடாஸ். இன்னொன்று வெஸ்ட் கத்தோலிக் அத்லெட்டிக் லீக், டபிள்யூ.சி.ஏ.எல். ஆண்கள் பிரிவில் எட்டுப் பள்ளிகள்: சான் ஹோசேயில் பெல்லர்மின், ஆர்ச்பிஷப் மிட்டி, வேலி கிறிஸ்டியன், மவுன்டன் வியூவில் செயின்ட் ஃபிரான்சிஸ், சான் மட்டேயோவில் செர்ரா, சான் ஃபிரான்சிஸ்கோவில் செயின்ட் இக்னேஷியஸ், சேக்ரட் ஹார்ட் கதீட்ரல், ஆர்ச்பிஷப் ரியோர்டன். பெல்லர்மினும் செர்ராவும் ஆண்கள் பள்ளிகள் என்பதால் மகள் இருக்கும் வீட்டில் அவை கணக்கில் வராது. ரியோர்டன் 2020-ல்தான் இருபாலர் பள்ளியானது. லீகின் பெயரில் கத்தோலிக் இருந்தாலும் வேலி கிறிஸ்டியன் கத்தோலிக்கப் பள்ளி கிடையாது. புராட்டஸ்டன்ட் மரபைச் சேர்ந்தது.

இரண்டு லீகுகளுக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு அமைப்பில் இருக்கிறது. எஸ்.சி.வி.ஏ.எல். பெரும்பாலான ஆட்டங்களில் தன் பள்ளிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. மேலடுக்கு டி ஆன்சா டிவிஷன், கீழடுக்கு எல் கமீனோ டிவிஷன். கீழே ஜெயித்தால் மேலே ஏறலாம், மேலே கடைசியில் நின்றால் கீழே இறங்கலாம். இது ஆட்டத்துக்கு ஆட்டம் தனித்தனியாக நடப்பதால், ஒரே பள்ளி டென்னிஸில் மேலடுக்கிலும் கூடைப்பந்தில் கீழடுக்கிலும் இருக்கும். (அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு மட்டும் பக்கத்து பெனின்சுலா லீகோடு சேர்த்துத் தனியாகப் பிரிக்கிறார்கள்.) டபிள்யூ.சி.ஏ.எல்.-ல் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. எல்லோரும் ஒரே அடுக்கு. உங்கள் பிள்ளையின் அணி அந்த வருடம் பலவீனமாக இருந்தாலும் மிட்டியோடும் செர்ராவோடும் மோதித்தான் ஆக வேண்டும்.

இதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். ஏழெட்டு ஆட்டம் தொடர்ந்து தோற்கிற சீசன் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை என்ன செய்யும் என்பது பிள்ளையைப் பொறுத்தது. சிலர் அதில் உரமேறுவார்கள், சிலர் அடுத்த வருடம் ஷூவை மாட்டவே மாட்டார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இங்கேதான் பொதுவான அறிவுரை எல்லாம் உடைந்துபோகிறது.

அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால், பெண்கள் வாலிபால் ஆகியவற்றில் டபிள்யூ.சி.ஏ.எல். தனி உயரத்தில் இருக்கிறது. ஃபுட்பால் நட்சத்திரம் டாம் பிரேடியும் பேஸ்பால் நட்சத்திரம் பாரி பாண்ட்ஸும் செர்ராவில் படித்தவர்கள். சாக்கர் உலகக் கோப்பை வென்ற பிராண்டி சாஸ்டெய்ன், பீச் வாலிபாலில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கெர்ரி வால்ஷ் இருவரும் மிட்டியில் ஆடியவர்கள். மிட்டியின் பெண்கள் கூடைப்பந்து அணி நாடு முழுக்கப் பேசப்படும் அணி. பெயர்களைச் சொல்வது மயக்குவதற்காக அல்ல. இந்த ஆட்டங்களில் அங்கே சேர வருகிற பிள்ளைகளில் பலர் ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே கிளப் அணிகளில் ஊறியவர்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து கார் ஓட்டி வருபவர்கள். ஒரு கூடைப்பந்து அணியில் இருப்பது பன்னிரண்டு, பதினைந்து இடம். பள்ளி நேரத்தில் மட்டும் பந்தைத் தொட்ட பிள்ளைக்கு அதில் நுழைவது மிகக் கடினம்.

அதற்காக அரசுப் பள்ளியில் உச்சம் தொட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2006-ல் பாலோ ஆல்டோ ஆண்கள் கூடைப்பந்து அணி மாநில இறுதிப் போட்டியில் தென் கலிஃபோர்னியாவின் மேட்டர் டே பள்ளியை 51-47 என்று வீழ்த்தியது. அந்த அணியின் தலைவர், பின்னாளில் தொழில்முறை கூடைப்பந்து ஆடிய ஜெரமி லின். அதே பள்ளி 2010-ல் ஃபுட்பாலில் மாநிலக் கோப்பையை எடுத்தது. 2010, 2011 இரண்டு வருடமும் பெண்கள் வாலிபாலில் மாநிலக் கோப்பை. எல்லாம் எஸ்.சி.வி.ஏ.எல். பள்ளிதான். ஆனால் இப்படி ஓர் அணி அமைவது ஒரு குறிப்பிட்ட தலைமுறைப் பிள்ளைகள் ஒரே ஊரில் சேர்ந்து வளர்ந்ததால். அதை எதிர்பார்த்துத் திட்டம் போட முடியாது.

இப்போது டென்னிஸ். இங்கே நம்மவர்கள் கணக்குத் தப்புகிற இடம். சி.சி.எஸ். முறையில் ஒரு டென்னிஸ் மோதல் என்றால் நான்கு ஒற்றையர், மூன்று இரட்டையர்; ஆக மொத்தம் பத்துப் பேர். மோன்டா விஸ்டா, சாரடோகா, லின்ப்ரூக், கன் போன்ற பள்ளிகளில் ஆறு வயதிலிருந்து கோச் வைத்து ஆடிய பிள்ளைகள் குவிந்து கிடக்கிறார்கள். அந்தப் பத்து இடத்துக்கு நடக்கிற தேர்வு, பல தனியார் பள்ளிகளின் தேர்வைவிடக் கடுமையானது. நன்றாக ஆடுகிற, ஆனால் உச்சத்தில் இல்லாத பிள்ளைக்கு, டென்னிஸ் அவ்வளவு ஆழமாக இல்லாத ஒரு டபிள்யூ.சி.ஏ.எல். பள்ளியிலோ, எஸ்.சி.வி.ஏ.எல். கீழடுக்குப் பள்ளியிலோ வர்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) இடம் சீக்கிரம் கிடைக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெண்கள் டென்னிஸ் இலையுதிர்காலத்தில், ஆண்கள் டென்னிஸ் வசந்தகாலத்தில். அண்ணனும் தங்கையும் ஆடும் வீட்டில் இது கார் ஓட்டும் அட்டவணையையே மாற்றிவிடும்.

பேட்மின்டன் எங்கள் வீடுகளில் டென்னிஸுக்கும் மேலே. அது இங்கே அரசுப் பள்ளிகளின் ஆட்டம். வசந்தகால சீசன், ஆண் பெண் இருவரும் ஒரே அணியாக ஆடுவார்கள், சி.சி.எஸ். சாம்பியன்ஷிப் வரை இருக்கிறது. பிள்ளை சனி, ஞாயிறு எல்லாம் பேட்மின்டன் கிளப்பிலேயே கிடக்கிறதென்றால் டபிள்யூ.சி.ஏ.எல். பக்கம் யோசிப்பதற்கு முன் இந்த ஒன்றைக் கட்டாயம் யோசியுங்கள். கிரிக்கெட்டைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது சி.ஐ.எஃப். பட்டியலிலேயே இல்லை, எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் வெளி அகாடமிதான்.

நீச்சலில் பள்ளியைவிடக் கிளப்புக்குத்தான் மதிப்பு. சாண்டா கிளாரா ஸ்விம் கிளப், டி ஆன்சா கூப்பர்டினோ அக்வாடிக்ஸ் போன்ற இடங்களில் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் வசந்தகாலத்தில் பள்ளிக்காகவும் நீந்துவார்கள். கடிகாரம் காட்டுகிற நேரம் எந்தப் பள்ளிச் சீருடையிலும் ஒன்றுதான். ஆகவே நீச்சலுக்காகப் பள்ளியை மாற்றுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வாட்டர் போலோ வேறு கதை. அது அணி ஆட்டம், கோச்சும் கூட ஆடுபவர்களும் முக்கியம். இரண்டு லீகுகளிலும் நல்ல அணிகள் இருக்கின்றன.

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைப் பற்றி ஆசையோடு சொல்ல நிறைய இருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் இதில் தேர்வு வைத்து யாரையும் கழிப்பதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஓடலாம். இரண்டு லீகுகளும் பெல்மான்ட்டில் உள்ள கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் பாதையில் ஓடுகின்றன, 2.95 மைல், ஏற்ற இறக்கம் நிறைந்த மண் பாதை. சி.சி.எஸ். இறுதியும் அங்கேதான் நடக்கும். ஒன்பதாம் வகுப்பில் கடைசியாக மூச்சு வாங்கி வந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் பல நிமிடங்கள் குறைத்து ஓடுவதை இந்த ஒரு பாதையே அளந்து காட்டிவிடும். எந்த ஆட்டமும் பிடிபடாத பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதற்கு எந்தப் பள்ளியானாலும் சரி.

சாக்கர் இங்கே குளிர்கால ஆட்டம். ஒரு சிக்கல் உண்டு: சி.ஐ.எஃப். விதிப்படி, பள்ளி சீசன் நடக்கும்போது அதே ஆட்டத்தில் வெளி அணிக்காகப் போட்டியில் ஆடக் கூடாது. சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. உயர்நிலை கிளப்புகளில் பலவும் பள்ளி அணியில் ஆட விடுவதில்லை. பிள்ளை ஏற்கனவே அப்படி ஒரு கிளப்பில் இருந்தால் பள்ளியின் சாக்கர் பெருமையைப் பார்த்து முடிவெடுத்துப் பயனில்லை.

அடுத்தது பணம். டபிள்யூ.சி.ஏ.எல். பள்ளிகளில் கட்டணம் வருடத்துக்கு 25,000 டாலருக்கு மேல்; நான்கு வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். உதவித்தொகை உண்டு, ஆனால் அது குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. விளையாட்டுக்காகப் பள்ளிக்கு இழுப்பதை சி.ஐ.எஃப். விதி தடுக்கிறது, எந்தக் கோச்சாவது ஆசை காட்டிப் பேசினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் விளையாட்டுக்குக் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றமே 1984-ல் அதைச் சொல்லிவிட்டது. 2012-ல் வந்த ஏ.பி. 1575 சட்டம் அதை இன்னும் இறுக்கியது. பள்ளிகள் ஒவ்வொரு சீசனுக்கும் சில நூறு டாலர் நன்கொடை கேட்கும். கொடுக்க முடிந்தவர்கள் கொடுங்கள். பேருந்தும் நடுவர் சம்பளமும் அதில்தான் ஓடுகின்றன. கொடுக்க முடியாதவர்களின் பிள்ளையை அதற்காக ஆடவிடாமல் வைக்க முடியாது. கூப்பர்டினோவில் வீட்டு விலை இருபது லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், அரசுப் பள்ளி இலவசம் என்று சொல்வதும் பாதி உண்மைதான். அந்தப் பணம் வீட்டுக் கடனில் போகிறது.

பயணத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. எஸ்.சி.வி.ஏ.எல். பள்ளிகள் மில்பிடாஸிலிருந்து பாலோ ஆல்டோ வரை, கீழே லாஸ் கேட்டோஸ் வரை பரவியிருக்கின்றன. வெளியூர் ஆட்டம் என்றாலும் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். டபிள்யூ.சி.ஏ.எல்.-ல் மூன்று பள்ளிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில். சான் ஹோசேயிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். அதுவும் வார நாள் மாலையில், 101 அல்லது 280 நெடுஞ்சாலையில். ஆடி முடித்து வீட்டுக்கு வர ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கும். அன்றாடப் பள்ளிப் பயணத்துக்குச் சில வசதிகள் உண்டு: பெல்லர்மினுக்கு அருகிலேயே கால்ட்ரெயினின் காலேஜ் பார்க் நிறுத்தம் இருக்கிறது, பள்ளி நேரத்துக்குச் சில ரயில்கள் நிற்கும். மற்ற பள்ளிகளுக்கு பெரும்பாலும் நீங்கள்தான் டிரைவர். பயிற்சி நேரம் எங்கும் ஒன்றே. ஒரு நாளில் நான்கு மணி, வாரத்தில் பதினெட்டு மணி நேரம் என்பது சி.ஐ.எஃப். வரம்பு. பயண நேரம் அந்தக் கணக்கில் வராது.

எட்டாம் வகுப்பில் எடுக்கும் முடிவு இவ்வளவு கனமாக இருப்பதற்குக் காரணம் மாறுதல் விதி. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் தடையில்லாமல் ஆடலாம். அதற்குப் பிறகு வீடு மாறாமல் பள்ளியை மட்டும் மாற்றினால், முதல் தடவை, அதுவரை ஆடிய ஆட்டத்தில் சீசனின் பாதி வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாம் தடவை மாறினால் ஒரு வருடம் வர்சிட்டி கிடையாது. குடும்பமே உண்மையாக வீடு மாறினால் இந்தத் தடை இல்லை. "உறவினர் முகவரியைக் கொடுத்துவிடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் நம் வட்டத்திலும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகத் தெரிந்தால் இருபத்துநான்கு மாதம் வரை தடை விதிக்கலாம். 2025-ல் தென் கலிஃபோர்னியாவில் ஃபுட்பால் ஆடவந்த பல பிள்ளைகளுக்கு அந்த விதி பாய்ந்தது. தண்டனையை அனுபவிப்பது பெற்றோர் அல்ல, பிள்ளை.

கல்லூரி நுழைவு பற்றிய ஆசையை நேராகப் பேசிவிடலாம். பள்ளியில் ஆடுபவர்களில் கல்லூரி அணிக்குப் போவது நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். கல்லூரி அணிகளில் மேல்மட்டமான முதல் டிவிஷனுக்கு இரண்டு பேர். ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. பேட்மின்டன், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.-வின் ஆட்டமே கிடையாது. டென்னிஸில் தரவரிசைப் புள்ளி, நீச்சலில் நேரம். இவற்றைத்தான் கல்லூரிக் கோச்சுகள் பார்க்கிறார்கள், லீகின் பெயரை அல்ல. 32-1 என்ற சாதனையோடு பள்ளியை முடித்த ஜெரமி லினுக்கே எந்த முதல் டிவிஷன் கல்லூரியும் உதவித்தொகை தர முன்வரவில்லை; அவர் ஹார்வர்டுக்குப் போனார். லீகைக் கல்லூரிக்கான ஏணியாக நினைத்து ஒரு லட்சம் டாலர் செலவழிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மதம் பற்றி ஒரு வரி. டபிள்யூ.சி.ஏ.எல். பள்ளிகளில் சமயப் பாடம் கட்டாயம். இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் நிறையவே படிக்கிறார்கள். ஆனால் வீட்டில் தாத்தா பாட்டி வரை எல்லோருக்கும் அது சம்மதமா என்று முன்பே பேசிக்கொள்வது நல்லது.

எவர்கிரீன் பக்கம் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு: பிளாசம் வேலி அத்லெட்டிக் லீக். எவர்கிரீன் வேலி, பீட்மான்ட் ஹில்ஸ், லீலண்ட் எல்லாம் அதில். அதுவும் அடுக்குகளாகப் பிரித்த அரசுப் பள்ளி லீக் என்பதால் எஸ்.சி.வி.ஏ.எல். பற்றிச் சொன்னது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். ஃப்ரீமான்ட் நகரத்துக்காரர்கள் வேறு செக்‌ஷன். அவர்கள் கணக்கு தனி.

ஆக, யார் எங்கே? பிள்ளை கூடைப்பந்திலோ வாலிபாலிலோ ஏற்கனவே கிளப் அளவில் நன்றாக நிற்கிறது, தோல்வியைத் தாங்கும், பள்ளியின் சூழலும் உங்களுக்குப் பிடித்திருக்கிறது, பணமும் நெருக்காது என்றால் மிட்டி, செயின்ட் ஃபிரான்சிஸ், பெல்லர்மின் இவற்றைத் தயங்காமல் பாருங்கள். டென்னிஸில் நடுத்தர ஆட்டக்காரர், வீடோ மோன்டா விஸ்டா எல்லையில் என்றாலும் தனியார் பள்ளியை ஒருமுறை யோசிக்கலாம். பேட்மின்டன், ஓட்டம், நீச்சல், அல்லது இனிமேல்தான் ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கப்போகிற பிள்ளை என்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. நண்பர்கள் நடந்து வரும் தூரத்தில் இருப்பார்கள், தாமதமாக முடிந்தாலும் சைக்கிளில் வந்துவிடலாம்.

தனியார் பள்ளிகளுக்கு இலையுதிர்காலத்தில் ஓப்பன் ஹவுஸ், டிசம்பர் வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் முடிவு. ஓப்பன் ஹவுஸில் கோப்பை அலமாரியைக் காட்டுவார்கள். நீங்கள் கோச்சிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் தேர்வுக்கு வந்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள், எடுக்கப்பட்டவர்களில் இந்த வருடம் எத்தனை பேர் இன்னும் அணியில் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு வார நாளில், வர்சிட்டி ஆட்டத்தை விட்டுவிட்டு, ஜே.வி. (ஜூனியர் வர்சிட்டி, அதாவது இரண்டாம் அணி) ஆட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். கடைசிக் கால் மணி நேரத்தில் பெஞ்சிலிருக்கும் பிள்ளைகளைக் கோச் இறக்குகிறாரா என்று பாருங்கள். அரசுப் பள்ளியிலும் இதையே செய்யுங்கள்.